வீட்டுக் கணக்கு: முதல் வேறு, இலாபம் வேறு



சென்ற மாதம் எங்கள் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரம், இளம் பிள்ளையொருத்தி என் பக்கத்தில் வந்து நின்றாள். "மாமி, வீட்டில இருந்துகொண்டே போனில பங்கு வாங்கி வித்தா நாளாந்தம் காசு வருமாம். இவர் செய்யப் போறன் எண்டு நிக்கிறார். என்ட நகையைக் கேக்கிறார். குடுக்கலாமா?" என்று கேட்டாள்.

அவள் என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. என் தங்கையின் மகன் 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆறு மாதம் முழுநேரமாக அந்தத் தொழிலைச் செய்தவன். எங்கள் வீடு தன்னாமுனையில் பிரதான வீதியோரம் இருப்பதால் இணைய இணைப்பு இழுபடாமல் கிடைக்கும். அதனால் என் வீட்டு முன் விறாந்தையில் இருந்துதான் அவன் செய்தான். ஆறு மாதமும் நான் கண்ணால் கண்டேன். கடைசியில் கணக்கும் பார்த்தேன். கூட்டுறவுக் கடையில் 22 வருடம் கணக்கெழுதிய கை என்னுடையது. அவனிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க பெரியம்மா, நாலு பேருக்குப் பிரயோசனப்படட்டும்" என்று சொல்லிவிட்டான்.

ஒரு நாள் போகும் விதம்

மகன் ஏழு வருடம் கட்டாரில் மின்சார வேலை செய்தவன். ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்தபோது கையில் நான்கு இலட்சம் ரூபா இருந்தது. மனைவியின் நகையை வங்கியில் ஈடு வைத்து இரண்டு இலட்சம் எடுத்தான். ஆக ஆறு இலட்சம் முதல். தரகர் நிறுவனம் ஒன்றில் கணக்குத் திறந்தான்.

காலை ஐந்தரைக்கு எழும்புவான். முகம் கழுவுமுன் கைத்தொலைபேசியில் அமெரிக்கச் சந்தை இரவு எப்படி முடிந்தது என்று பார்ப்பான். ஏழு மணிக்குள் கம்பனிகளின் அறிக்கைகள், டொலரின் விலை, மத்திய வங்கிச் செய்தி எல்லாம் வாசித்துவிடுவான். எட்டரைக்கு மடிக்கணினியோடு என் விறாந்தைக்கு வருவான்.

கொழும்புப் பங்குச் சந்தையில் ஒன்பது மணியிலிருந்து ஒன்பதரை வரை முன் திறப்பு நேரம். அந்த அரை மணித்தியாலம் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் தாங்கள் விரும்பும் விலையைப் பதிந்து வைப்பார்கள். ஒன்பதரைக்கு வியாபாரம் தொடங்கும். பிற்பகல் இரண்டரைக்கு முடியும். இந்த ஐந்து மணித்தியாலமும் மகனுக்குக் கண் திரையை விட்டு அகலாது. பச்சை நிறம் ஏற்றம், சிவப்பு நிறம் இறக்கம். முதல் ஒரு மணித்தியாலம்தான் பெரிய அமளி. பதினொன்றரைக்குப் பிறகு சந்தை தூங்கி வழியும். ஆனால் அவன் எழும்ப மாட்டான். "எழும்பின நேரம் பாத்து ஏறிப்போகும் பெரியம்மா" என்பான். நான் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆடை கட்டிக் கிடக்கும்.

பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் இரண்டும் இரண்டு மணிக்குத் தகப்பனைத் தேடி வருவார்கள். அதுதான் சந்தை முடியும் கடைசி அரை மணித்தியாலம். மூத்தவள் படம் கீறிக் கொண்டுவந்து காட்டுவாள். "சத்தம் போடாதே, அங்கால போ" என்ற பேச்சைத்தான் அந்தப் பிள்ளை வாங்கிக்கொண்டு போகும். சில மாதத்தில் பிள்ளைகள் அந்த நேரத்தில் வருவதை விட்டுவிட்டார்கள். இதை எந்தக் கொப்பியிலும் எழுத முடியாது. ஆனாலும் இதுவும் ஒரு செலவுதான்.

இரண்டரைக்குப் பிறகு சோறு. பிறகு அன்றைய வரைபடங்களைப் பார்ப்பான். மெழுகுதிரி போல நிமிர்ந்து நிற்கும் சிவப்பு, பச்சைக் கட்டைகள் அவை. இரவில் வாட்ஸ்அப் குழுக்கள். "நாளைக்கு இது ஏறும், இன்றைக்கே வாங்குங்கள்" என்று முகம் தெரியாதவர்கள் சொல்லுவார்கள். போயா நாளில் சந்தை பூட்டு. சனி, ஞாயிறும் பூட்டு. ஆனால் அவன் மனதுக்குப் பூட்டு இல்லை. பூசை நேரத்திலும் அவன் விரல் சட்டைப்பையைத் தடவுவதைக் கண்டிருக்கிறேன்.

அவன் சோம்பேறி அல்ல. கட்டாரில் வெயிலில் நின்றதைவிடக் கூடுதலாகவே பாடுபட்டான். "இது சூதில்ல பெரியம்மா. இதுவும் ஒரு தொழில்தான்" என்று சொல்வான். நானும் அதை மறுக்கவில்லை. தொழில் என்றால் தொழிலுக்குரிய கணக்கு இருக்க வேண்டும் என்றுதான் கேட்டேன். "எல்லாம் போனில இருக்கு" என்றான்.

விறாந்தைக்கு முன்னால் இன்னொரு வியாபாரி

எங்கள் வீதியால் மீன் கொண்டுவரும் தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். விடியற்காலை வாவிக்கரைக்குப் போய், தோணிகள் கரை சேரும்போது இறால், நண்டு, கெளுத்தி என்று அன்றைக்குப் பட்டதை விலை பேசி வாங்குவாள். சைக்கிளில் கட்டிக்கொண்டு பத்து மணிக்குள் வீடு வீடாகக் கூறு போட்டு விற்றுவிடுவாள். யோசித்துப் பாருங்கள். காலையில் வாங்கி, அன்றைக்கே விற்று, மாலையில் கையில் காசோடு இருப்பவள் அவளும்தான். அவளும் நாள் வியாபாரிதான்.

ஒருநாள் படியில் இருந்து மீன் வெட்டிக்கொண்டே மகனைப் பார்த்து, "தம்பி என்ன விக்கிற?" என்று கேட்டாள். அவன் பங்கைப் பற்றி விளக்கினான். ஒரு கம்பனியின் சொந்தத்தைச் சிறு சிறு துண்டாக்கி விற்பதுதான் பங்கு. கம்பனி இலாபம் பெற்றால் துண்டுக்கும் மதிப்புக் கூடும் என்றான். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, "விக்காம மிஞ்சினா என்ன செய்வ?" என்றாள்.

"விலை ஏறும் மட்டும் வச்சிருப்பன்."

"அப்ப கருவாடு எண்டு சொல்லு" என்று சிரித்தாள்.

அன்றைக்கு நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவள் சொன்னதில் உண்மை இருந்தது. இன்று வாங்கி இன்றே விற்கும் நோக்கத்தில்தான் மகன் வாங்குவான். விலை இறங்கினால் நட்டத்துக்கு விற்க மனம் வராது. நாளைக்கு, மறுநாளைக்கு என்று தள்ளிப்போடுவான். ஒரு மாதம் போனதும் "அது நீண்டகால முதலீடு" என்று பெயரை மாற்றிவிடுவான். விற்று இலாபம் கண்டதை மாத்திரம் எங்களுக்குச் சொல்லுவான். கருவாடு பெட்டிக்குள் கிடக்கும்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. இடுப்பில் இரண்டு சுருக்குப்பை. ஒன்றில் நாளைக்கு மீன் வாங்கும் காசு, மற்றதில் இன்றைக்குக் கிடைத்த மிச்சம். "முதல் வேற, லாபம் வேற அக்கா. ரெண்டையும் ஒண்டாப் போட்டா ரெண்டும் இல்லாமப் போகும்" என்பாள். வட்டிக் காசுக்கு அவள் மீன் வாங்குவதில்லை. முன்பு நுண்கடன் எடுத்து, வாரா வாரம் கட்டுகிற கூட்டத்தில் நின்று பட்ட பாடு அவளுக்குப் போதும்.

உறுதியோடு வந்த இரவு

மார்கழி மாதம் ஒரு மழை இரவு, மருமகள் குடையும் பிடிக்காமல் வந்தாள். சேலைத் தலைப்புக்குள் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் அவர்களது வளவின் உறுதி. மட்டக்களப்புப் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்பிள்ளைக்குத்தான் வீடு வளவு. மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். அந்த வீடும் அவளுடைய தாய் தகப்பன் அவள் பேரில் எழுதிக் கொடுத்தது.

"மாமி, இதை வச்சுப் பத்து இலட்சம் எடுக்கப் போறாராம். முதல் காணாதாம். முதல் கூடினா நாளுக்கு அஞ்சாயிரம் வருமாம். நாளைக்குக் கையெழுத்து வைக்கச் சொல்றார். மாட்டன் எண்டா சண்டை. ஓம் எண்டா வீடு."

அவளைக் கதிரையில் இருத்தி, தலையைத் துடைக்கத் துவாய் கொடுத்தேன். உறுதியை வாங்கி என் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். "ஒரு கையெழுத்தும் வையாத. முதலில் கணக்கு. கணக்கு முடிஞ்ச பிறகு நீ நினைச்சபடி செய்" என்று சொன்னேன்.

மறுநாள் மகன் கோபமாகத்தான் வந்தான். நான் திட்டவில்லை. ஒரு கொப்பியை எடுத்து நான்கு நிரல் கீறினேன். வாங்கிய விலை, விற்ற விலை, கட்டணம், கையில் மிஞ்சியது. "பத்து இலட்சம் கேக்கிறாய். கடன் தாறவன் கேக்கிற கணக்கைத்தானே நானும் கேக்கிறன்" என்றேன். அதற்கு அவனால் மறுத்துப் பேச முடியவில்லை. தரகர் அனுப்பிய கணக்குத்தாள்கள் எல்லாவற்றையும் மடிக்கணினியில் திறந்தான். மூன்று நாள் பிடித்தது.

நான்கு நிரல் கொப்பி

ஆறு மாதத்தில் வாங்கி விற்று முடித்தது 60 தடவை. ஒவ்வொரு தடவையும் சராசரியாக ஓர் இலட்சம் ரூபாவுக்கு வாங்கியிருந்தான். அதில் 38 தடவை ஏறிய விலைக்கு விற்றிருக்கிறான். 22 தடவை இறங்கிய விலைக்கு விற்றிருக்கிறான். "பாத்தீங்களா பெரியம்மா, வெண்டதுதான் கூட" என்றான். உண்மைதான். வென்றதில் கிடைத்தது 118,000 ரூபா. தோற்றதில் போனது 96,000 ரூபா. மிச்சம் 22,000 ரூபா.

பிறகு மூன்றாவது நிரலுக்கு வந்தோம். அவனது கணக்குத்தாள்களில் இருந்த கட்டணம் நூற்றுக்கு 1.12. அதில் 0.64 தரகருக்கு, 0.30 அரசாங்க வரி. மீதி பங்குச் சந்தைக்கும், பங்குகளைப் பதிவில் வைத்திருக்கும் மத்திய வைப்பகத்துக்கும், சந்தையைக் கண்காணிக்கும் ஆணைக்குழுவுக்கும். பார்த்தால் சின்னத் தொகை. ஆனால் வாங்கும்போதும் கட்ட வேண்டும், விற்கும்போதும் கட்ட வேண்டும். நூறு ரூபாவுக்கு வாங்கிய பங்கை மறுநாள் விற்பதானால் ஏறத்தாழ 102 ரூபா 27 சதம் வந்தால்தான் போட்ட காசு திரும்பும். அதற்கு மேலே வருவதுதான் இலாபம்.

ஓர் இலட்சத்துக்கு வாங்க 1,120 ரூபா. விற்க ஏறத்தாழ இன்னொரு 1,120. ஒரு சுற்றுக்கு 2,240. அறுபது சுற்றுக்கு 134,400 ரூபா.

22,000 ரூபா இலாபத்திலிருந்து 134,400 கழித்தால் 112,400 ரூபா நட்டம். நகை ஈட்டுக்கு ஆறு மாத வட்டி 18,000. மொத்தம் 130,400 ரூபா நட்டம். பெட்டிக்குள் கிடந்த மூன்று கருவாட்டுப் பங்குகளின் விலை இறக்கத்தை நாங்கள் இதில் சேர்க்கவே இல்லை. ஆறு மாத உழைப்புக்குக் கூலியும் போடவில்லை. அந்த ஆறு மாதம் ஊரில் வயரிங் வேலைக்குப் போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று அவனே சொல்லிப் பார்த்தான். பிறகு கொப்பியை மூடிவிட்டு வெளியே போய் மாமரத்தடியில் நின்றான்.

இன்னொன்றும் உண்டு. 2022 முடிவில் 8,490 அளவில் நின்ற கொழும்புச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், 2023 முடிவில் 10,650 அளவில் நின்றது. அதாவது அந்த வருடம் சந்தை விழவில்லை, ஏறியது. ஏறிய சந்தையில் நின்றே அவன் நட்டப்பட்டான். சந்தை அவனைக் கவிழ்க்கவில்லை. அடிக்கடி வாங்கி அடிக்கடி விற்றதுதான் அவனைத் தின்றது.

இவன் ஒருவன் மட்டுமா?

என் மகனுக்குத்தான் கெட்டித்தனம் போதாதோ என்று நானும் நினைத்தேன். பிறகு தேடி வாசித்தபோது உலகம் முழுவதும் இதே கதைதான்.

தாய்வான் நாட்டில் 1992 முதல் 2006 வரையான நாள் வியாபாரங்களை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். கட்டணம் போகத் தொடர்ந்து இலாபம் காணக்கூடியவர்களாக இருந்தது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. பிரேசிலில் 2013க்கும் 2015க்கும் இடையில் நாள் வியாபாரம் தொடங்கி, 300 நாளுக்கு மேல் விடாமல் செய்தவர்களைப் பார்த்தார்கள். நூற்றுக்கு 97 பேர் நட்டம். அந்நாட்டின் ஆகக்குறைந்த சம்பளத்தைவிடக் கூடுதலாக உழைத்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். பழகப் பழகக் கைவரும் என்ற பேச்சு அங்கே பொய்த்துப் போனது.

பக்கத்து இந்தியாவில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு 2024 ஆடி மாதம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2022-23 நிதியாண்டில் ஒரே நாளில் பங்கு வாங்கி விற்ற தனிநபர்களில் நூற்றுக்கு 71 பேர் நட்டப்பட்டார்கள். 30 வயதுக்குக் குறைந்தவர்களில் இது 76 பேர். வருடத்தில் 500 தடவைக்கு மேல் வியாபாரம் செய்தவர்களில் 80 பேர். கூடக் கூடச் செய்தவர்கள் கூடக் கூட இழந்தார்கள்.

பெண்களாகிய நாங்கள் கவனிக்க வேண்டிய ஓர் ஆய்வும் உண்டு. அமெரிக்காவில் பாபர், ஓடியன் என்ற இரு அறிஞர்கள் 1991 முதல் 1997 வரை 35,000க்கும் அதிகமான குடும்பங்களின் பங்குக் கணக்குகளைப் பார்த்து 2001இல் எழுதினார்கள். பெண்களைவிட ஆண்கள் நூற்றுக்கு 45 வீதம் கூடுதலாக வாங்கி விற்றார்கள். அப்படி வாங்கி விற்றதால் ஆண்களின் வருமானம் வருடத்துக்கு 2.65 வீதப் புள்ளியால் குறைந்தது. பெண்களுக்குக் குறைந்தது 1.72. பெண்கள் பங்கு தெரிவதில் கெட்டிக்காரிகள் என்று இதற்குப் பொருள் இல்லை. கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரிந்ததால் குறைவாக இழந்தார்கள். "உனக்கு இது விளங்காது, நீ பேசாதே" என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்.

கடனுக்கு வாங்கினால்

நட்டம் சொந்தக் காசில் வந்தால் வயிறு எரியும். கடன் காசில் வந்தால் வீடு போகும். எங்கள் நாட்டுச் சந்தையே இதற்குச் சாட்சி.

1896இல் தோட்டக் கம்பனிகளுக்கு மூலதனம் திரட்டுவதற்காகக் கொழும்பில் பங்கு வியாபாரம் தொடங்கியது. இன்றைய பங்குச் சந்தை 1985இல் அமைந்தது. யுத்தம் முடிந்த 2009இல் சுட்டெண் நூற்றுக்கு 125 வீதமும், 2010இல் 96 வீதமும் ஏறியது. பலர் தரகர்களிடம் கடன்பட்டு வாங்கினார்கள். 2011 மாசியில் சுட்டெண் 7,800 அளவைத் தொட்டது. பிறகு கடனைக் கட்டு என்ற நெருக்கம் வந்தபோது, கட்ட முடியாதவர்களின் பங்குகள் அவர்கள் விருப்பமின்றியே விற்கப்பட்டன. விற்க விற்க விலை இன்னும் விழுந்தது. 2012 நடுப்பகுதியில் சுட்டெண் 5,000க்குக் கீழே போனது. அந்தக் காலத்தில் சந்தையைக் கண்காணிக்கும் ஆணைக்குழுவின் தலைவியாக இருந்தவர் இந்திராணி சுகததாச என்ற பெண்மணி. அவர் 2011 மார்கழியில் பதவி விலகினார். அடுத்து வந்த திலக் கருணாரத்னவும் 2012 ஆவணியில் விலகினார். சந்தையில் பணபலம் உள்ளவர்களின் அழுத்தம் பற்றி அப்போது நாடெங்கும் பேசப்பட்டது.

2022 சித்திரை மாதம் இன்னும் கண்முன்னால் நிற்கிறது. 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 18ஆம் திகதியிலிருந்து ஐந்து நாட்கள் சந்தையையே பூட்டினார்கள். 25ஆம் திகதி திறந்தபோது விலைகள் விழுந்த வேகத்தில் அன்றைய வியாபாரத்தையே நிறுத்த வேண்டி வந்தது. விற்க நினைத்தவர்களும் விற்க முடியவில்லை. அன்றைக்கு வீட்டு உறுதியை வைத்து வாங்கியிருந்தவர் நிலையை எண்ணிப் பாருங்கள். சந்தை பூட்டியிருந்தாலும் வட்டி பூட்டாது.

சகோதரிகள் கவனிக்க

பங்கு வாங்குவது பாவம் என்று நான் சொல்லவில்லை. நல்ல கம்பனியின் பங்கை மிச்சக் காசில் வாங்கி வருடக்கணக்கில் வைத்திருப்பது ஒரு சேமிப்பு. நட்டம் வரும் ஆபத்து அதிலும் உண்டு. ஆனால் நாளாந்தம் வாங்கி விற்றுக் குடும்பச் செலவை ஓட்டுவது வேறு காரியம். இரண்டையும் ஒன்றாக எண்ணக்கூடாது.

உங்கள் வீட்டில் யாராவது இதைச் செய்வதானால், முதல் நாளிலிருந்தே கொப்பி வையுங்கள். விலை வித்தியாசத்தை மட்டும் எழுதாமல் கட்டணத்தையும் வட்டியையும் எழுதுங்கள். விற்காமல் கிடப்பதையும் இன்றைய விலைக்கு எழுதுங்கள். மாதத்துக்கு ஒருமுறை புருசனும் பெண்சாதியும் ஒன்றாக இருந்து பாருங்கள். சண்டையால் தீராத விடயம் கணக்கால் தீரும்.

இத்தனை வீதம் நட்டம் வந்தால் நிறுத்துவோம் என்ற எல்லையை, தொடங்குமுன் இருவரும் பேசி எழுதிக்கொள்ளுங்கள். நட்டம் வந்த பிறகு அந்த எல்லையைப் போட மனம் இடம் தராது.

நகை, வீடு, பிள்ளைகளின் படிப்புக் காசு இவை முதல் அல்ல. எங்கள் பகுதித் தமிழருக்கு யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் பொருந்தாது. 1923ஆம் ஆண்டின் மணமான பெண்களின் ஆதனம் பற்றிய கட்டளைச் சட்டத்தின்படி, உங்கள் பேரில் உள்ள ஆதனம் உங்களுடையதே. உங்கள் கையெழுத்து இல்லாமல் அதை ஈடு வைக்க முடியாது. ஆகவே கையெழுத்து வைக்குமுன் ஒரு இரவாவது பொறுங்கள். விளங்காத கடதாசிக்குப் பிணையாளியாகவும் கையெழுத்து வைக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் நிச்சய இலாபம் என்று சொல்லுபவர்களை நம்பாதீர்கள். தாங்கள் முன்பே வாங்கி வைத்த பங்கை உங்கள் தலையில் கட்டத்தான் பலர் அப்படிச் சொல்லுவார்கள். ஆணைக்குழுவின் அனுமதி பெற்ற தரகரா என்று முதலில் பாருங்கள். ஆள் சேர்த்தால் காசு தருவோம் என்று யாரும் சொன்னால் அது பங்கு வியாபாரமே அல்ல. அப்படியான பிரமிட் திட்டங்கள் வங்கிச் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்டவை.

இப்போது

மகன் பழையபடி வயரிங் வேலைக்குப் போகிறான். கருவாட்டுப் பங்கில் இரண்டை நட்டத்துக்கு விற்று நகைக் கடனில் பாதியைக் கட்டினான். மிகுதி நகை இன்னும் வங்கியில்தான் கிடக்கிறது. அதை மீட்க இன்னும் காலம் எடுக்கும். ஒரு பங்கை மட்டும் வைத்திருக்கிறான். மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பானாம். மற்ற நாட்களில் பார்ப்பதில்லை என்று மருமகள் சொல்லுகிறாள். முழுதாக நம்புவதற்கில்லை என்றும் சேர்த்துச் சொல்லுகிறாள்.

உறுதியை நான் திருப்பிக் கொடுத்தபோது அவள் அதை வாங்காமல், "உங்களிட்டயே இருக்கட்டும் மாமி" என்றாள். நான் சம்மதிக்கவில்லை. உன் பேரில் உள்ளது உன் கையில்தான் இருக்க வேண்டும் என்று கொடுத்தனுப்பினேன். மூத்த பேத்தி பின்னேரங்களில் தகப்பனின் சைக்கிளில் முன்னுக்கு இருந்து வருகிறாள். கீறிய படங்களை இப்போது என் விறாந்தையில் விரித்துக் காட்டுகிறாள். அவற்றைப் பார்க்கத் தகப்பனுக்கு நேரம் இருக்கிறது.

சங்கத்தில் என்னிடம் கேட்ட பிள்ளைக்கும் இதையே சொன்னேன். "நகையைக் குடுக்காத எண்டு நான் சொல்லல்ல மகள். முதல்ல ஒரு கொப்பி வாங்கிக் குடு. மூண்டு மாதம் காசு போடாம, வாங்கினதாயும் வித்ததாயும் எழுதிப் பாக்கச் சொல்லு. கட்டணத்தையும் எழுதச் சொல்லு. பிறகு வா, ரெண்டு பேருமா இருந்து கணக்குப் பாப்பம்."

உங்களுக்கும் அதுவே. அடுத்த மாதம் இன்னொரு வீட்டுக் கணக்கோடு சந்திப்போம்.